மஞ்சள் மணியில் இரண்டு நாடுகள்

அன்பு நண்பா,

நீ இறந்த பிறகு உன் மனைவி எனக்குக் கொடுத்த உன் ஐந்து நிறச் செபமாலையை இன்று மதியம் அலமாரியிலிருந்து எடுத்தேன். பத்துப் பத்து மணிகளாக, ஒரு கண்டத்துக்கு ஒரு நிறம். கடைசியில் ஆசியாவுக்கு மஞ்சள். உன் விரல் பட்டுப் பட்டு அந்த மஞ்சள் வெளுத்திருக்கிறது. மூக்குப்பொடி வாசம் மட்டும் போகவில்லை. முகர்ந்ததும் உன்மேல் கோபம்தான் வந்தது. இப்போது பார்த்தா நீ இல்லாமல் போக வேண்டும்?

என் மகள் நர்ஸாக வேலை பார்க்கும் ஊரில் குண்டு விழுகிறது. நேற்றுக் காலையிலிருந்து அவள் போன் கிடைக்கவில்லை.

திருச்சி கோர்ட்டில் டவாலியாக இருந்தவன் நீ. வாசலில் நின்று வாதி பிரதிவாதி பெயர்களைக் கூப்பிட்டே தொண்டை கரகரத்துப்போனவன். காட்டூரில் நம் தெருக்காரர்கள் கூடும் மாலைச் செபத்தையும் அப்படியே நடத்தினாய். ஒவ்வொரு மணியிலும் ஒரு நாட்டின் பெயர். எங்காவது போர் என்றால் அடிக்கிற நாடும் அடிபடுகிற நாடும் அடுத்தடுத்த மணியில் வரும். ஒருநாள் செபம் முடிந்து காபி குடிக்கும்போது நான் எகிறினேன்.

"அடிக்கிறவனுக்கு எதுக்குடா செபம்?"

"நான் கூப்பிடுறேன்டா. பேரைக் கூப்பிட்டாத்தானே ஜட்ஜ் முன்னாடி வந்து நிப்பான்? எவ்வளவு பெரிய நாடா இருந்தாலும் அவர் முன்னாடி கைகட்டித்தான் நிக்கணும்."

"அப்ப ஏன் இன்னும் தீர்ப்பு வரல?"

"ஒத்திவச்சிருக்காரு. தள்ளுபடி பண்ணல."

"அதுக்குள்ள சாகுறவங்க?"

நீ டம்ளரைக் கீழே வைத்தாய். பிறகு, "தெரியலடா. அதான் தினமும் கூப்பிடுறேன்" என்றாய். அன்று அது எனக்கு வெறும் வாக்குவாதம். செத்தவர்கள் டிவியில் வந்த யாரோ.

இன்று மாலைச் செபம் என் வீட்டில். மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் என் மனைவி போனை வைத்திருந்தாள். மஞ்சள் வந்ததும் மகள் இருக்கும் நாட்டைச் சொன்னேன். அடுத்த மணியில் அடிக்கிற நாட்டின் பெயர் வாயில் வரவில்லை. நாசமாய்ப் போகட்டும் என்றுதான் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"சொல்லுங்க," என்றாள் மனைவி மெதுவாக. "அண்ணன் இருந்தா சொல்லியிருப்பாங்க."

சொன்னேன். அது செபம்போல வரவில்லை. கோர்ட் வாசலில் நீ கூப்பிடுவாயே, அப்படி வந்தது. மறுபடியும் கூப்பிட்டேன், மறுபடியும். கூட இருந்தவர்கள் பதில் செபம் சொல்லவே மறந்து என்னைப் பார்த்தார்கள்.

அவர்கள் போய்விட்டார்கள். போன் அடிக்கவில்லை. அந்த மணியைவிட்டு விரலை எடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது. நாளைக்கும் இரண்டு பெயரையும் கூப்பிடுவேன், நண்பா. ஜட்ஜ் இருக்கிறார் என்றுதான் நானும் நம்புகிறேன். அவர் வந்து உட்காரும்வரை என் பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும்.