உடையாத பொம்மையும் உடைந்த பல்லும்

பொன்மலைப்பட்டி,
திருச்சி.

அன்பு மகள் பவித்ராவுக்கு அம்மா மலர்க்கொடி எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உன் அப்பா சுகம், நாய்க்குட்டி எஞ்சினுக்கு மட்டும் வாயில் ஒரு பல் குறைவு. மெல்போர்னில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ, ஊரார் பல்லையெல்லாம் பார்க்கிற அவசரத்தில் உன் வாய்க்கு ஒரு வாய் சோறு போட மறக்காதே. இந்தக் காலத்தில் போய் கடிதமா என்று சிரிக்க வேண்டாம். நான் போனில் உன்னோடு பேச ஆரம்பித்தால் போதும், உன் அப்பா செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றுகொள்கிறார். செம்பருத்தி வேர் அழுகிப்போகிற அளவுக்குத் தண்ணீர் குடித்துவிட்டது. அதனால்தான் பேப்பரில் எழுதி, பின் தெரு ராக்கம்மாள் வீட்டில் உட்கார்ந்து போட்டோ எடுத்து உனக்கு அனுப்புகிறேன்.

எஞ்சினுக்குப் பல் உடைந்தது, பிடுங்கியாகிவிட்டது என்பது வரைக்கும் உனக்குத் தெரியும். எப்படி உடைந்தது என்று கேட்டாய், ஜன்னலில் ஆள் நின்றதால் கல்லைக் கடித்துவிட்டது என்று சொல்லி வைத்தேன். கல்லும் இல்லை மண்ணும் இல்லை. பீமராவ் வீட்டு நாய் போட்ட குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த நாளிலிருந்தே அது கண்ணில் பட்டதையெல்லாம் கடித்தது, செருப்பு, மாப்பு, பக்கத்து வீட்டு லூர்துராணியின் கொடியில் காய்ந்த துண்டு எதுவும் பாக்கியில்லை. பல் முளைக்கிற வயசு, கடிக்கத்தான் செய்யும். கடையில் ஒரு ரப்பர் பொம்மை வாங்கிக் கொடுத்தேன், அன்றைக்கே அது பொடிப்பொடி. உன் அப்பா அந்தத் துணுக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு, இதெல்லாம் ஒரு சாமானா, மெட்டீரியலே சரியில்லயேன்னு பெரிய இன்ஸ்பெக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார். ரிட்டயராகியும் ரயில்வே ஒர்க்‌ஷாப் சங்கு ஊதினால்தான் இவருக்குக் காபி இறங்கும் என்பது உனக்குத் தெரியாததா. நேராக அரியமங்கலம் போய், கூட வேலை பார்த்த கலையரசனின் லேத் பட்டறையில் உட்கார்ந்து, கெட்டி நைலான் கட்டையை எலும்பு மாதிரி கடைந்துகொண்டு வந்தார். இது நம்ம காலத்துக்கும் இருக்கும்னு சொல்லித் தரையில் போட்டுக் காட்டினார். எலும்பு அப்படியே இருந்தது, ஹாலில் டைல்ஸ்தான் கீறிப்போனது.

உனக்குச் செய்துகொடுத்த படிப்பு மேஜை ஞாபகம் இருக்கிறதா, நாலு பேர் சேர்ந்தால்தான் நகரும். நீ அதில் இடித்துக்கொண்டு அழுதபோது கூட மேஜைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று தடவிப் பார்த்த மனுஷன். அவரைப் பொறுத்தவரை நல்ல சாமான் என்றால் உடையக் கூடாது, அவ்வளவுதான். கடிக்கிற வாய்க்கு என்ன ஆகும் என்கிற கேள்வியே அவர் டிராயிங்கில் கிடையாது. ஒருநாள் காலையில் பார்த்தால் மிதியடியில் ரத்தம், மேல்வரிசைக் கோரைப்பல் பாதியில் முறிந்து நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிகிறது. இவர் முதலில் எலும்பைத்தான் எடுத்துக் கழுவினார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பாத்தியா, ஒரு கீறல் இல்லங்கிறார். நான் நாயின் வாயைத் திறந்து காட்டினேன்.

பால்பல்தானே, எப்படியும் விழப்போறதுதானே என்று ரெண்டு நாள் ஓட்டினார். லூர்துராணி கிராம்புத் தைலம் தடவச் சொன்னாள், தடவினோம், எஞ்சின் எச்சிலாக வடித்து வீடு முழுக்க பிரியாணி வாசனை. அதற்கு மேல், முறிந்த முனை கூராக இருக்கிறது, உதட்டைக் கிழிக்கும், லேசா ராவி விட்டுடறேன்னு அரத்தை எடுத்துக்கொண்டு வந்தார் பார். இரும்புக்கும் பல்லுக்கும் வித்தியாசம் தெரியாமல் இவ்வளவு வருஷம் எப்படித்தான் வேலை பார்த்தாரோ. நான் குறுக்கே நின்றேன், எஞ்சின் கட்டிலுக்கடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. மறுநாள் கன்னம் வீங்கி, பால் சோற்றைக் கூட மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. அப்போதுதான் செடியைப் பார்த்துச் சொல்வது போல, ஆஸ்திரேலியாவக் கேளேன்னார்.

பொங்கலுக்கு வந்து, இனிமேல் எனக்கு அங்கேதான் வாழ்க்கை என்று நீ சொல்லிவிட்டுப் போனதிலிருந்து இந்த வீட்டில் உனக்குப் பெயர் ஆஸ்திரேலியா. ஆஸ்திரேலியா போன் பண்ணுச்சா, ஆஸ்திரேலியாவுக்குச் சளி போச்சா. உன் பல் கிளினிக்குக்கு என்று முன்னறையில் நாற்காலி வைக்கிற இடத்துக்குத் தண்ணீர்க் குழாய் எல்லாம் இழுத்து வைத்திருந்தாரே, அந்த அறையைப் பூட்டி ஆணியில் சாவியை மாட்டியவர்தான், அப்புறம் திறக்கவே இல்லை. இவர் உன்னிடம் பேசவில்லை என்று உனக்கு ரோஷம், நீ இவரைக் கேட்காமல் முடிவு பண்ணினாய் என்று இவருக்கு ரோஷம். நீயும் அவர் பட்டறையில் செய்த சாமான்தானே, எங்கே வளையப் போகிறாய். நடுவில் நான் ஒருத்தி இரண்டு பக்கமும் சேதி சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றினதுதான் மிச்சம்.

அன்றைக்கு நான் அனுப்பின போட்டோவில் எஞ்சினின் வாயை அகட்டிப் பிடித்திருந்த பெருவிரல் அவருடையதுதான். நீ போனில் சொன்னதை நான் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னேன். தைலத்தை நிறுத்து, பல்லுக்குள்ளே வழி திறந்துவிட்டது, கிருமி வேர் வரைக்கும் போகும், பால்பல்லுக்கு மேலே ஈறுக்குள் புதுப் பல்லின் குருத்து இருக்கிறது, அதுவும் கெட்டுப்போகும், விழட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை டாக்டரிடம் போய், வேர் உள்ளே தங்காமல் பிடுங்கச் சொல்லுங்கள் என்றாய். நான் சொல்லி முடிப்பதற்குள் இவர் சட்டை மாட்டியாகிவிட்டது. பல்லுக்கெல்லாம் எதுக்கு அஞ்சு வருஷப் படிப்புன்னு நீ காலேஜில் சேரும்போது கேட்ட அதே வாய், ஆட்டோவில் போகும்போது குருத்து குருத்து என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தது.

டாக்டர் அல்போன்சா என்று ஒரு பெண், வாயைப் பார்த்துவிட்டு நீ சொன்னதையே கிட்டத்தட்ட அப்படியே சொன்னார். உன் அப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எங்க பொண்ணும் இதத்தாங்க சொன்னா, பல் டாக்டரு, ஆஸ்திரேலியாவுல இருக்கான்னு அந்த அம்மாவிடம் சொன்னார், ஊசி போட வந்தவரிடம் சொன்னார், வெளியே ஆட்டோடு உட்கார்ந்திருந்த பாட்டியிடமும் சொன்னார், ஆட்டுக்குக் கேட்டிருந்தால் அதுவும் பாராட்டியிருக்கும். மயக்க ஊசி போட்டு எஞ்சின் துணி மாதிரி துவண்டதும் இந்த வீராதி வீரர் அங்கே நிற்கவில்லை. கழுத்துப் பட்டையை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வேப்ப மரத்தடிக்குப் போய்விட்டார். நான் போய்க் கூப்பிட்டதும், வேரோட வந்துடுச்சா, உள்ள ஒண்ணும் தங்கலயே, அவ அதத்தான் முக்கியமா சொன்னான்னார். முழுசாக வந்துவிட்டது. ஆனால் புதுப் பல் நேராக வருமா, கோணலாக வருமா, வராமலே போகுமா என்று இப்போது சொல்ல முடியாதாம், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

பிடுங்கின பல்லைப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தார்கள். உன் முதல் பல் விழுந்தபோது சாணியில் பொதிந்து குவார்ட்டர்ஸ் கூரை மேல் எறிந்தாரே, அதே மாதிரி சாணி தேடி இரண்டு தெரு சுற்றி வந்து நாய்ப் பல்லை வண்டி நிறுத்துகிற தகரக் கூரை மேல் எறிந்தார். எதிர்வீட்டார் பார்த்துச் சிரித்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. எஞ்சினுக்குக் கஞ்சியும் மருந்தும் கொடுத்துத் தனியாகப் படுக்க வைக்க வேண்டும் என்றதும் ஆணியிலிருந்து சாவியை எடுத்து முன்னறையைத் திறந்தார். உன் குழாயில்தான் இப்போது அதன் கிண்ணத்துக்குத் தண்ணீர். காற்றில் கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க அந்த நைலான் எலும்பையே முட்டுக் கொடுத்திருக்கிறார், கடைசியில் அதற்கும் ஒரு வேலை கிடைத்தது.

இப்போது நான் சொல்வதை ஒழுங்காகக் கேள். இந்த வெள்ளிக்கிழமை ராக்கம்மாளோடு ஸ்ரீரங்கம் தாயார் சன்னதிக்குப் போகிறேன், போனை முன்னறை அலமாரியில் மறந்து வைத்துவிட்டுத்தான் போவேன். இங்கே காலை டிபன் நேரத்துக்குக் கூப்பிடு, வீடியோவில் கூப்பிடு. அவர் போனில் கூப்பிட்டால் எடுக்க மாட்டார், என் போன் அடித்தால் நாய்க்காக எடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஒரு சாக்கு இருக்கும். மன்னிப்பு அது இதென்று ஆரம்பித்தாயோ, நேராகச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். திரும்பி வருவதைப் பற்றி அவர் கேட்க மாட்டார், அவர் மனம் குளிர வேண்டுமென்று நீயும் பொய்யாக எதுவும் சொல்லிவிடாதே, எனக்கு அது பிடிக்காது. வீக்கம் வடிந்ததா, ஈறு என்ன நிறம், புதுப் பல் எட்டிப் பார்க்கிறதா என்று மட்டும் கேள். டார்ச் அடித்துக் காட்டச் சொல். அவர் தன் முகத்தைக் காட்ட மாட்டார், நாயின் வாயைத்தான் காட்டுவார். ஒரு கையில் போன், ஒரு கையில் டார்ச், எஞ்சின் தலையைத் திருப்பும், படம் சரியாகத் தெரியாது. தெரிகிறது அப்பா என்று சொல்லு.

நூறு வயசு நன்றாக இரு, அரங்கன் துணை இருப்பான். வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே.

உன் அம்மா,
மலர்க்கொடி