பெயின்டர் அண்ணனுக்குத் திறக்காத கதவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கு? தைலத்தைத் தங்கச்சியைத் தேய்ச்சுவிடச் சொல்லு.

எங்க கம்பெனி விடுதியில சாவி கிடையாது. வாசல் கேமராவுக்கு நம்ம முகம் தெரிஞ்சாத்தான் கதவு திறக்கும். என் அறையில இருந்த பெயின்டர் அண்ணன் சாரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில கிடந்தார். அதுக்குள்ள கம்பெனி அவரை வேலையை விட்டு நிறுத்திட்டு, கேமராவிலிருந்து முகத்தையும் எடுத்துடுச்சு. அது தெரியாம, வலது கையில மாவுக்கட்டோட வந்து வாசல்ல நின்னார். தொப்பியைக் கழற்றிப் பார்த்தார், முகத்தைத் துடைச்சுப் பார்த்தார். கதவு அசையல.

"நான்தாங்க, நல்லாப் பாருங்க"ன்னு கேமராகிட்டயே சொன்னார். எனக்கு மனசு தாங்கல. என் முகத்தைக் காட்டி அவரை உள்ளே கூட்டிட்டுப் போனேன்.

"உன் முகத்தையும் எடுத்துடுவாங்கடா"ன்னார் காவலாளி. அப்படியே எடுத்துட்டாங்க.

பயப்படாதே, வேலை போகல. விடுதிதான் போச்சு. இப்போ ரெண்டு பேரும் ஒரு தையல் கடைக்குப் பின்னாடி இருக்கோம். சோறு பிசைஞ்சு நான்தான் அவருக்கு ஊட்டுறேன். நீ பார்த்தா சிரிப்பே.

ஒரு போர்வை அனுப்பும்மா. புதுசு வேண்டாம், நீ போர்த்திக்கிற பழசே போதும். துவைக்காமலே அனுப்பு.

வேலைக்கு வண்டி வந்துடுச்சு.

உன் மகன்