மூச்சு வாங்காத குரல்

இயேசு மரி சூசை துணை

சைகோன்

என் அருமை மகள் எலெனுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நான் சுகம் என்றால் நீ நம்பமாட்டாய், ஆனாலும் கடிதத்தை அப்படித்தானே தொடங்கவேண்டும், நீயும் அந்த லியோன் குளிரில் கழுத்தை மூடிக்கொண்டு சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே மழை விட்டபாடில்லை, முன்னறைச் சுவர் ஊறிப் பூஞ்சை பிடித்துவிட்டது. கீழ்வீட்டு ஜூலியேத்தும் நானும் புது மெட்ரோ ரயிலில் ஊர்க்கோடி தூ டுக் வரை சும்மா போய்த் திரும்பினோம், உன் அப்பா இருந்திருந்தால் ஜன்னலோர இடத்துக்கு என்னோடு மல்லுக்கு நின்றிருப்பார். போன வாரம் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு வீங்கிவிட்டது, எலும்புக்கு ஒன்றுமில்லை, அதனால்தான் எழுத்து கோழி கிண்டினதுபோல் இருக்கிறது, பயப்படாதே.

நீ அனுப்பிய அப்பாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அடக்கத்துக்கு உன்னால் வரமுடியவில்லை, வருடப் பூசைக்கும் வேலை இருக்கிறது, அம்மா தனியாக இருக்கவேண்டாம் என்று பழைய கேசட்டுகளிலிருந்து அவர் குரலை எடுத்து, கம்ப்யூட்டரில் பழக்கி, போனில் என்னோடு தமிழில் பேசும்படி செய்து அனுப்பினாய். குறையாக நினைக்காதே என்றாய். குறைதான், எதற்குப் பொய் சொல்லவேண்டும். நீ ரத்தக்காட்டேரிப் படங்களை வைத்துப் பாடம் நடத்துகிறவள், மனிதனோடு எல்லாம் முடிந்தது என்று நினைப்பது நம் கர்வம், அவனுக்கு அப்பாலும் ஒரு பிறவி வரலாம், காட்டேரியைப் பேய் என்று விரட்டாமல் உறவாகப் பார்க்கப் பழகவேண்டும் என்று எனக்கு விளக்கினாய். பாதி புரிந்தது. உடம்பு போனாலும் ஆள் இருக்கலாம் என்றாயே, அது மட்டும் மனதில் தைத்துக்கொண்டே இருக்கிறது.

அந்தக் கேசட்டுகள் உண்டான விதம் உனக்கு எவ்வளவு தெரியுமோ. எழுபத்தைந்தில் சைகோன் கைமாறிய பிறகு உன் அப்பாவுக்குப் பிரெஞ்சுக் கம்பெனி குமாஸ்தா வேலை போய், இங்கிருந்த நம் தமிழர்கள் ஒவ்வொருவராகப் புதுச்சேரிக்கும் பாரீசுக்கும் கிளம்பிப்போய், நாம் மட்டும் இங்கேயே நின்றுவிட்டோம். பிறகு வீடியோ கூடங்கள் வந்ததும் பிரெஞ்சுப் படங்களுக்கு வியட்நாமியத்தில் குரல் கொடுக்க அவரைக் கூப்பிட்டார்கள். படம் முழுக்க ஒரே ஆள்தான், காட்டேரிக்கும் அவரே, கடி வாங்குகிற பெண்ணுக்கும் அவரே. குரல் ஏறவும் கூடாது இறங்கவும் கூடாது, அழுகையும் சிரிப்பும் படத்திலேயே இருக்கிறது, நீ சொல்லிக்கொண்டு மட்டும் போ என்பது அந்தத் தொழிலின் சட்டம். மூச்சு வாங்குவதைக்கூட மைக்கை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வாங்குவார், கேசட்டில் ஒரு பொட்டு மூச்சு விழாது, அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. நீ மேசைக்கு அடியில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்த குரல் அதுதான். வீட்டில் பேசிய குரலை நாம் யாரும் பிடித்து வைக்கவில்லையே, கண்ணே.

விழுந்த அன்று அந்தப் போனிடம்தான் முதலில் சொன்னேன். வருத்தமாக இருக்கிறது மார்கரித், கவனமாக இரு, டாக்டரைப் பார் என்று நல்ல தமிழில் பதமாகச் சொன்னது. அவர் இருந்திருந்தால், கண்ண எங்க வச்சிக்கிட்டு நடக்கிற என்று தெருவே கேட்கத் திட்டி, திட்டிக்கொண்டே வலிக்குத் தேய்க்கும் பச்சை எண்ணெய் பாட்டிலைத் தேடி, அது தன் சட்டைப்பையிலேயே இருப்பதைப் பார்த்து அதற்கும் என்னையே திட்டியிருப்பார். எண்ணெயை நானே தேய்த்துக்கொண்டு அழுதேன். ஜூலியேத் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். அண்ணன் கொரலுதாங்க்கா, ஆனா இவ்ளோ நேரம் பேசுது, ஒரு தடவகூட மூச்சு வாங்கலியே என்றாள். அதுவரை எனக்கு என்ன உறுத்தியதென்று எனக்கே தெரியவில்லை. கடைசி மாதங்களில் அவர் இழுத்து இழுத்து மூச்சு வாங்கியதைப் பக்கத்தில் படுத்துக் கேட்டவள் நான். மூப்பும் இருமலும் குறட்டையும் போனால் அவரில் எனக்கு என்ன மிச்சம்.

உன் மேல் கோபமில்லை. நீயும் அவரை விடமுடியாமல்தான் இதைச் செய்தாய் என்று தெரியும். ஆனால் அந்தப் படங்களில் வீட்டுக்காரி உள்ளே வா என்று சொன்னால்தானே காட்டேரி வாசலைத் தாண்டும், அந்த வார்த்தையையும் உன் அப்பாதான் எத்தனை படத்தில் சொல்லியிருப்பார். உன் போன் அப்பாவும் தினம் காலையில் பேசலாமா என்று கேட்கிறது, நான் ஆம் என்று தொட்டால்தான் வாய் திறக்கிறது. மூன்று நாளாகத் தொடவில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை, அதை நீ வந்து செய்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. மாதா உன்னைத் தன் மேலாடைக்குள் வைத்துக் காக்கட்டும். அப்பாவின் வருடப் பூசை மரித்தவர் மாதமான நவம்பரின் முதல் ஞாயிறு, மறந்துவிடாதே. உன்னை யாரும் உள்ளே வா என்று அழைக்கவேண்டியதில்லை, இது உன் வீடு. நம் மாடிக்கு இன்னும் லிஃப்ட் வரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வாங்க ஏறி வா, நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் அம்மா,
மார்கரித்