வெள்ளைப் பாவாடை நாட்கள்

ஜூலை 8, செவ்வாய்

யாருமே நம்பமாட்டாத ஒரு வரலாற்றை இந்த நோட்டில் எழுதுவேன் என்று சத்தியம் செய்கிறேன்: டைல்ஸ் மேஸ்திரி லிங்கப்பனாகிய நான் என் ஒற்றை நாக்கால் மைசூரில் ஒரு பள்ளிக்கூடத்தையே புரட்டிப்போடப் போகும் கதை!

அக்கா மகேஸ்வரியின் மகள் பூங்குழலி, ஒன்பதாவது. புதனும் சனியும் வெள்ளைப் பாவாடைதான் கட்ட வேண்டும். மாதவிலக்கு அந்த நாளில் வந்தால் கறைக்குப் பயந்து, வயிற்றுவலி என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். நீல பேண்ட் போட அனுமதி கேட்டு பத்துப் பெண்கள் கையெழுத்திட்ட கடிதம் என் கையில். சனிக்கிழமை பெற்றோர் கூட்டம், அக்காவுக்கு ஷிஃப்ட்; அதனால் நான் போகிறேன்.

"லெட்டர மட்டும் குடுத்துட்டு வா மாமா. எம் பேர எடுக்காத" என்றாள் பூங்குழலி.

எடுப்பேனா?

ஜூலை 12, சனி

எடுத்தேன்.

தலைமையாசிரியை வசுதா மேடம், "கமிட்டில பாக்கலாம்" என்று கடிதத்தை மேசை ஓரத்தில் வைத்தார். பொறுக்கவில்லை எனக்கு. நானூறு பெண்கள் புதன்தோறும் அழுகிறார்கள், அந்தக் கண்ணீரில் காவிரி மூன்றடி ஏறுகிறது என்று முழங்கினேன். சபையே சிரித்தது. பள்ளிக் கமிட்டித் தலைவர் கிருஷ்ணராஜ், "கதை கட்டாதீங்க சார், ஒரு பொண்ணச் சொல்லுங்க பாப்போம்" என்றார்.

சொன்னேன். பெயரோடு. போன புதன் பாவாடையில் கறை, நாலு மணி நேரம் பெஞ்சை விட்டு எழவில்லை என்று. அப்படி ஒன்று நடக்கவே இல்லை. போன புதன் அவள் வீட்டில் இருந்தாள்.

வாசலில் தோழிகளோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூலை 14, திங்கள்

பூங்குழலி பள்ளிக்கூடம் போகவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

இன்றும். அக்கா தட்டை நங்கென்று வைத்தாள். "ஊருக்கெல்லாம் டைல்ஸ் ஒட்டறியே, உன் வாய்க்கு ஒண்ணு ஒட்டுடா."

பூங்குழலி கதவைத் திறக்காமலே, "நடக்காதத ஏன் மாமா சொன்ன? கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல எல்லாரும் சிரிக்கறாங்க."

 

ஜூலை 17, வியாழன்

பள்ளிக்கூடம் போனேன்; வசுதா மேடம் உட்காரச் சொன்னார். நின்றேன். கறை பொய், பிள்ளையை யாரும் எதுவும் கேட்கக்கூடாது என்றேன்.

"நீங்க சொன்னதுல எதுதான் நிஜம்?"

"அன்னிக்கு நிஜத்த நான் சொல்லவே இல்ல மேடம். வெள்ளை நாள்னா பயந்துகிட்டு லீவு போடறா."

போன வருடத்து வருகைப் பதிவேட்டை வரவழைத்தார். விரல் கீழே இறங்கிக்கொண்டே போனது. புதன், சனி, புதன் — எல்லாம் லீவு. பூங்குழலி மட்டுமில்லை; கையெழுத்துப் போட்டவர்கள், போடாதவர்கள், எத்தனையோ பேர்.

"மாசாமாசம் நாந்தான் இதுல கையெழுத்துப் போடறேன்" என்றார், மெதுவாக.

ஜூலை 21, திங்கள்

கமிட்டி. பெற்றோர்களும் இருந்தார்கள். எழுந்து, "அன்னிக்கு என் அக்கா பொண்ணப் பத்திச் சொன்னது பொய்" என்றேன். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உட்கார்ந்துவிட்டேன். அதன்பின் மேடம் பதிவேட்டைத் திறந்தார்.

ஆகஸ்ட் 6, புதன்

கமிட்டி அனுமதித்த நீல பேண்ட் போட்டுக்கொண்டு பூங்குழலி கிளம்பினாள். வண்டியில் விடுகிறேன் என்றேன். "வேணாம், பஸ்ல போறேன்." மாமா என்று சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு சக்ரபாணி, "என்னய்யா, ஸ்கூலையே ஆட்டி வச்சுட்டியாமே?" என்றார். எப்போதும்போல் மீசையை முறுக்கியிருக்கலாம். உள்ளே வந்துவிட்டேன்.

நானூறு பேர் பொய். காவிரி பொய். கறை, மன்னிக்க முடியாத பொய். ஒரு பிள்ளை பாவாடைக்குப் பயந்து வீட்டில் இருந்தாள் என்ற அந்தச் சின்ன விஷயம் மட்டும் நிஜம்.