குளத்து மனுவில் ஒரு வரி

டாலிகஞ்ச்,
ஞாயிறு

அன்புள்ள அகிலா,

அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம், நீயும் தெம்பாக இருக்க வேண்டும். உங்கள் சுற்றுச்சூழல் அமைப்பின் பிரசாரத்தில் மக்கள்தொகைப் பெருக்கத்தைப் பற்றிப் பேசலாமா கூடாதா என்று கேட்டிருந்தாய். எனக்குப் பதில் தெரியவில்லை, போன மாதம் கேட்டிருந்தால் தாராளமாகப் பேசலாம் என்று எழுதியிருப்பேன். நம் ஃப்ளாட்டுக்குப் பின்னால் இருக்கும் குளம் நாறுகிறது, தூர்வாரச் சொல்லி கார்ப்பரேஷனுக்கு மனு தயாரித்தோம். எழுதியது நான், வங்காள மொழியில் மாற்றியது நம் குடியிருப்புச் சங்கச் செயலாளர் பிமல் தா. குளம் கெட்டதற்குக் காரணம் இந்தப் பகுதியில் மக்கள் பெருகியதுதான் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். யார் மனதும் நோகாத வரி என்று நினைத்தேன், கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். குளக்கரைக் குடிசைகளிலும் கையெழுத்து வேண்டுமே என்று நம் வீட்டில் வேலை செய்யும் மினதியிடம் நீட்டினேன். அவளுக்கு நான்கு பிள்ளைகள் என்பதும், இந்த ஊர் வழக்கப்படி என்னைப் பௌதி, அதாவது அண்ணி என்றுதான் கூப்பிடுவாள் என்பதும் உனக்குத் தெரியும். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, ஏன் பௌதி, என் நாலுல எது அதிகம்னு சொல்லுங்க, கூட்டிட்டுப் போய் வேற ஊர்ல விட்டுடறேன் என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். பிறகு, நாங்க அதுல குளிக்கிறோம், உங்க கக்கூஸ் தண்ணி அதுலதான் வந்து விழுது, அந்தக் குழாயை எழுத இடம் போதலையா என்று கேட்டுவிட்டுப் பாத்திரம் துலக்கப் போனாள். கையெழுத்துப் போடவில்லை. இருபது வருடமாகப் பால்கனியிலிருந்து அந்தக் குழாயைப் பார்க்கிறேன், அகிலா. எண்ணிக்கை பொருட்டே இல்லை என்று இப்போதும் சொல்ல மாட்டேன், காலையில் பாலிகஞ்ச் ஸ்டேஷன் நெரிசலில் ரயில் ஏறுகிறவள் நான். ஆனால் அந்த வரியை எழுதும்போது மினதி வீட்டுப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள், நம் வீட்டு மூன்று ஏ.சி. வரவில்லை. நாளை கூட்டத்தில் அந்த வரியை எடுத்துவிட்டுக் குழாயை எழுதச் சொல்லப் போகிறேன். அப்புறம் இந்த பில்டிங்ல நம்மகூட ஒருத்தரும் பேச மாட்டாங்க வசு என்கிறார் அப்பா. இருக்கலாம்.

வெறும் ரொட்டியைத் தின்று நாளை ஓட்டாதே. கண் டாக்டரிடம் போக மறக்காதே. உன் மனம் போல எல்லாம் அமையட்டும்.

உன் அம்மா,
வசுமதி

திங்கள் மாலை. உறையை இன்னும் ஒட்டவில்லை, நடந்ததையும் எழுதிவிடுகிறேன். வரியை எடுக்கச் சம்மதித்தார்கள். குழாயை எழுத ஒருவரும் சம்மதிக்கவில்லை, அபராதம் நமக்குத்தான் வரும் பௌதி என்றார் பிமல் தா. மினதியிடம் அப்படியே சொன்னேன். அவள் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டு, பக்கத்திலேயே குழாயைப் பற்றி இரண்டு வரி எழுதினாள். அந்த வரிகள் இல்லாமல் வேறு தாள் எடுக்கச் சொன்னார் பிமல் தா. நான் எடுக்கவில்லை. அவள் எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போட்டு, வார்டு அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.