பத்தொன்பது புள்ளி எட்டு

விருத்தாசலம்
பிப்ரவரி 2

அன்புள்ள சிந்தாமணிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கமாட்டேன். புருஷனைப் பெண்ணாடத்துச் சர்க்கரை ஆலையில் விட்டுவிட்டு, தாளவாடிக் குளிரில் தனியாகப் பொங்கிச் சாப்பிடுகிறவளுக்கு என்ன நலம் இருக்கப்போகிறது? போனில் திருமால் சார் பேச்சை எடுத்தாலே, "வுடு கனகா, டவர் கெடைக்கல" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதை நடுவில் கட் பண்ண முடியாது பார்.

நீ போன பிறகு உன் இடத்துக்கு யாரும் வரவில்லை. அறிவியல் டீச்சர்தானே, கணக்கையும் சேர்த்துப் பாருங்க என்று எட்டாம் வகுப்பு 'பி' பிரிவை என் தலையில் கட்டிவிட்டார் தலைமையாசிரியர். 'ஏ' பிரிவு வழக்கம்போலத் திருமால் சாருக்கு. "தேறுற புள்ளைங்க என்கிட்ட, களிமண்ணெல்லாம் உங்ககிட்ட" என்று ஸ்டாஃப் ரூமில் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். பாதிப் பிள்ளைகளின் அப்பா அம்மா செராமிக் யூனிட்டில் அந்தக் களிமண்ணை வைத்துத்தான் சோறு தின்கிறார்கள். ஏன், இவருடைய அப்பாவே பொம்மை யூனிட் வைத்திருந்தவர்தானே? அந்த டீ நெஞ்சில் அடைக்கக் கூடாதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

உன்னை அவர் விரட்டியது எனக்கு இன்னும் ஆறவில்லை. உன் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சமன்பாடு தானாகப் புரிய ஆரம்பித்ததும் அவருடைய டியூஷனில் ஆள் குறைந்தது. மனைவி பெயரில் போர்டு மாட்டி நடத்துகிற டியூஷன்! உடனே நாலு பெற்றோரைத் திரட்டிக்கொண்டு மேலிடத்துக்குப் போனார். கணக்கு பீரியடில் பொம்மை வைத்து விளையாடுகிறாள், பாடத்தை முடிப்பதில்லை என்றார். நிர்வாக மாறுதல் என்று ஒரு தாள் வந்தது, நீயும் பெட்டியைக் கட்டினாய். கிளம்பும்போது அவரிடமே போய், "போயிட்டு வரேன் சார்" என்று சொன்னாயே, அன்றைக்கு எனக்கு உன் மேலேயே கோபம்.

மே மாத இடமாறுதல் கலந்தாய்வுக்கு நீ விண்ணப்பிக்கப் போவதில்லை என்று உன் கணவரைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது சொன்னார். அந்த மனிதர் இருக்கிற பள்ளிக்கூடத்தில் மறுபடி காலெடுத்து வைக்கமாட்டாயாம். சரி. அந்த மனிதர் தலை நிமிர்ந்து நடக்க முடியாதபடி நான் செய்கிறேன். பிறகு வருவாய் அல்லவா?

அதற்கு வழியும் கிடைத்துவிட்டது. அவர் மகள் தென்றல் 'ஏ' பிரிவில்தான் படிக்கிறாள். அறிவியலுக்கு என்னிடம் வருகிறவள். போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் ஆய்வகத்துக்கு வந்து தயங்கி நின்றாள். "மிஸ், ப்ளஸ்ல இருக்கறத அந்தப் பக்கம் கொண்டுபோனா ஏன் மைனஸ் ஆவுது?" என்று கேட்டாள். வீட்டில் இருக்கிற அப்பாவைக் கேட்பதுதானே என்றேன். "கேட்டா, அது ரூலு, பேசாம எழுதுன்னு சொல்றாரு" என்றாள். எனக்குக் கடவுளே கொண்டுவந்து கையில் கொடுத்த மாதிரி இருந்தது.

நீ செய்கிற மாதிரியே செய்தேன். ஆய்வகத் தராசில் ஒரு தட்டில் கட்டிய துணிப்பையும் மூன்று கோலியும் வைத்தேன். மறு தட்டில் எட்டுக் கோலி. பையைப் பிரிக்காமல் உள்ளே எத்தனை என்று சொல்லச் சொன்னேன். கொஞ்ச நேரம் தட்டுகளையே பார்த்துவிட்டு, "மிஸ், வெறும் பைக்கும் எடை இருக்குமே" என்றாள். இத்தனை வருஷத்தில் உனக்கோ எனக்கோ தோன்றியதா இது? அவளே இன்னொரு வெறும் பையை எடுத்து மறு தட்டில் போட்டாள். இரண்டு பக்கமும் மூன்று மூன்று கோலியை எடுத்தாள். ஐந்து என்றாள். "அந்தப் பக்கம் எதுவும் போவலையே மிஸ், ரெண்டு பக்கமும் எடுத்தோம், அவ்ளோதானே?" என்று சிரித்தாள்.

அந்த முகத்தைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது. இவளை வைத்து அவரை என்ன செய்யலாம் என்ற யோசனை அதைவிட நிறைவாக இருந்தது. உன்னிடம் ஒளிப்பானேன்?

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். நீ விட்டுப் போன பகையை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உன் கனகா

விருத்தாசலம்
பிப்ரவரி 23

அன்புள்ள சிந்தாமணிக்கு,

ஏதாவது இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு இதைப் படி.

நான் எடுத்தது உன் பொம்மைக் கணக்கேதான். சூளையில் வெந்தால் பொம்மையின் உயரம் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். வெந்து வந்த பொம்மை பதினெட்டு சென்டிமீட்டர், அப்படியானால் பச்சையாக இருந்தபோது எவ்வளவு? வெளியூர்ப் பிள்ளைகள் என்றால் முழிப்பார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் முழிப்பதில்லை, அதுதான் வினை. பத்தில் ஒரு பங்கு என்பது வீட்டில் கேட்டுக் கேட்டு ஊறிய பேச்சு. பதினெட்டில் பத்தில் ஒரு பங்கு ஒன்று புள்ளி எட்டு, அதைத் திருப்பிச் சேர்த்தால் பத்தொன்பது புள்ளி எட்டு என்று கையைத் தூக்கிவிடுவார்கள். சுருங்கியது பச்சைப் பொம்மையில் பத்தில் ஒரு பங்கு, வெந்த பொம்மையில் அல்ல என்பது ஒருவருக்கும் தோன்றாது. அந்தத் தப்பைப் பிடித்துக்கொண்டுதான் நீ பாடத்தையே ஆரம்பிப்பாய். தெரியாததற்கு முதலில் எக்ஸ் என்று ஒரு பெயர் வை, அப்புறம் பேசு என்பாய்.

தென்றலும் முதலில் பத்தொன்பது புள்ளி எட்டுதான் சொன்னாள். பிறகு எழுதிப் பார்த்து, இருபது என்று கண்டுபிடித்துக் கை தட்டினாள். அப்போதுதான் சொன்னேன். "டியூஷன்ல எல்லாரும் இருக்கும்போது இத அப்பாகிட்ட கேளு. இன்னா சொல்றாருன்னு பாப்போம்." அவள் தலையாட்டினாள்.

கேள்வியை முடிப்பதற்குள் விடையைச் சொல்வது அவருக்குப் பெருமை என்று உனக்குத் தெரியும். பொம்மை யூனிட்டில் தவழ்ந்து வளர்ந்தவர் வேறு. விழாமல் எங்கே போவார்? அங்கே டியூஷன் போகிற என் வகுப்புப் பாரதி வந்து நடித்தே காட்டினாள். மகள் கேட்டு வாயை மூடவில்லை, "பத்தொம்போது புள்ளி எட்டு, ஒக்காரு" என்றாராம். தென்றல் உட்காரவில்லை. போர்டுக்குப் போய்ச் சாக்பீஸை எடுத்தாளாம். பச்சைப் பொம்மை எக்ஸ், அதில் பத்தில் ஒரு பங்கு போனால் மீதி பத்தில் ஒன்பது பங்கு, அது பதினெட்டு, ஆகவே எக்ஸ் இருபது என்று எழுதிவிட்டுத் திரும்பினாளாம். "பத்தொம்போது புள்ளி எட்டுல பத்துல ஒரு பங்கு போனா பதினெட்டு வராதுப்பா" என்றாளாம். முதலில் ஒருவன் சிரித்திருக்கிறான். அப்புறம் மொத்த வகுப்பும்.

இப்போது பள்ளிக்கூடத்தில் அவருக்கு அதுதான் பெயர். அவர் பைக் சீட்டில் யாரோ சாக்பீஸால் 19.8 என்று எழுதி வைத்திருந்தார்கள். ஸ்டாஃப் ரூமுக்குள் அவர் நுழைந்தால் பேச்சு நின்றுபோகிறது. நான் மட்டும் எழுந்து, "வாங்க சார், டீ சாப்புடுங்க" என்றேன். எவ்வளவு இனிமையாகச் சொன்னேன் தெரியுமா! அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

களிமண் என்று இனி எந்தப் பிள்ளையையும் அவர் சொல்லமாட்டார். நீ விண்ணப்பத்தைப் போடு.

வெற்றியோடு,
கனகா

விருத்தாசலம்
மார்ச் 9

அன்புள்ள சிந்தாமணிக்கு,

உன் பதில் வந்தது. அத்தனை எழுதினேன், நீ ஒரே வரி எழுதியிருக்கிறாய். "அந்தக் குழந்தைக்கு என்ன ஆச்சு?" படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. பிறகு பாரதியைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

யார் சொல்லிக் கொடுத்தது என்று அன்றைக்கே கேட்டிருக்கிறார். "நானாத்தான் போட்டேன்" என்று சொல்லியிருக்கிறாள். என் பெயரைச் சொல்லவில்லை. அன்று முதல் டியூஷன் நடக்கிற நேரம் முழுக்க அவளை வாசற்படியில், தெருவைப் பார்த்து நிற்க வைக்கிறார். பெயர் வாயில் வருகிற வரைக்கும் உள்ளே வரக் கூடாதாம். போகிற வருகிற பிள்ளைகள், நம் 'பி' பிரிவுப் பிள்ளைகள்தான், "பத்தொம்போது புள்ளி எட்டு பொண்ணு" என்று கத்திவிட்டு ஓடுகிறார்கள். அவருக்கென்று நான் வாங்கிக் கொடுத்த பெயர் அவளுக்கும் ஒட்டிக்கொண்டது.

பொறுக்காமல் நேராக டியூஷனுக்கே போனேன். படியில் நின்றுகொண்டிருந்தவள் என்னைத் தெரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், என்னைக் காப்பாற்றுவதற்காக. உள்ளே போய், நான்தான் சொல்லிக் கொடுத்தேன், அவளை விடுங்க சார் என்றேன். அவர் திருத்திக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தெரியும் மேடம். அது அவ வாயால வரட்டும்" என்றார். சிந்தாமணி, அந்த நிமிஷம் அவரை என்ன செய்தாலும் தகும் என்று தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

நேற்று அவள் ஆய்வகத்துக்கு வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. நான்தான் என்று உன் அப்பாவிடமே சொல்லிவிட்டேன், நீயும் சொல்லிவிட்டு உள்ளே போ என்றேன். "சொல்லமாட்டேன் மிஸ், நிக்கிறேன்" என்றாள். பிறகு பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "அடுத்த கணக்கு எதுனா இருந்தா குடுங்க. இந்தத் தடவ ஸ்கூல்லயே, எச்.எம். முன்னாடி வெச்சே கேக்கறேன்." தராசு பக்கத்திலேயே இருந்தது. அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவளுக்குப் பதின்மூன்று வயது. அப்பாவை விழ வைக்கக் காத்திருக்கிற அந்தப் பார்வையை அவள் வேறு எங்கே கற்றுக்கொண்டிருப்பாள்? என்னிடம்தான்.

இதையும் கேட்டுக்கொள். என்னிடம் அடுத்த கணக்கு தயாராக இருந்தது. அவர் இந்த ஊரிலேயே தலை காட்ட முடியாதபடி ஒன்று. பல நாளாக யோசித்து வைத்தது. அவள் கையை நீட்டியபோது நானும் கிட்டத்தட்டச் சொல்லிவிட்டேன். எப்படியோ நாக்கைக் கடித்துக்கொண்டு, திங்கட்கிழமை வா என்று அனுப்பினேன். திங்கட்கிழமை என்ன செய்வேன் என்று எனக்கு நிச்சயமில்லை.

அந்த ஆளை மன்னித்துவிடு என்று மட்டும் எழுதாதே. என் கோபம் ஒரு துளி குறையவில்லை, குறையவும் வேண்டாம். ஆனால் அவ்வளவு செய்தவரிடமும் போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் போக உன்னால் முடிந்ததே, அது எனக்கு வராது. இவளுக்குக் கணக்கு சொல்லித்தர அப்படி ஒருத்திதான் வேண்டும்.

விண்ணப்பிக்க இன்னும் நாள் இருக்கிறது. அவர் முகத்தில் முழிக்கப் பிடிக்காவிட்டால் முழிக்காதே, நடுவில் நான் நின்றுகொள்கிறேன். எனக்காக வர வேண்டாம், உனக்காகவும் வர வேண்டாம். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அந்தப் பெண்ணை என் கையில் விட்டுவைக்காதே.

கனகா