ஒன்றுதானே என்று கொடுத்தது

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம், அங்கே உன் நலம் அறிய ஆவல் என்றுதான் எப்போதும் தொடங்குவேன். இந்தத் தடவை முதல் பாதியை எழுதக் கை வரவில்லை, அதனால் இரண்டாவது பாதியை மட்டும் கேட்கிறேன், நீ நலமா கண்ணா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த ஓட்டல் சமையலறையில் எல்லோருக்கும் ஆக்கிப் போட்டுவிட்டு நீ நின்றுகொண்டே விழுங்குகிறாயா? போன் இருக்கும்போது எதற்கு இந்த அம்மா தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நான் பாதியில் அழுதுவிடுவேன், நீ மீதியைக் கேட்காமல் உடனே அப்பாவைக் கூப்பிட்டுக் கத்துவாய். தாளென்றால் நீ முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும், கத்தினாலும் எனக்குக் கேட்காது. இன்று புதன்கிழமை, கடையில் மதிய நேரம், வெட்டிக் குட்டையாக்க ஒன்பது கால்சட்டை காத்திருக்கிறது, முதலாளியம்மா சாப்பிடப் போயிருக்கிறாள். தையல் மெஷின் மேலேயே தாளை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா சிகரெட்டை விடவில்லை. நீயும் அவரும் ஒரே நாளில் போனில் முகம் பார்த்துக்கொண்டே ஆளுக்கொரு பாக்கெட்டைக் கசக்கிப் போட்டீர்களே, அதற்குப் பிறகு அவர் பதினெட்டு நாள்தான் பிடிக்காமல் இருந்தார். போன ஞாயிறு நீ எத்தனை நாளென்று கேட்க, "நூத்தி இருபத்தாறுடா, உனக்கும் அதேதானே" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாரே, அது பொய். அதைவிடப் பெரிய பொய் நான், ஏனென்றால் பத்தொன்பதாம் நாள் அவருக்கு வாங்கிக் கொடுத்தவளே நான்தான். திட்டு, நன்றாகத் திட்டு, ஆனால் எப்படி நடந்தது என்று கேட்டுவிட்டுத் திட்டு.

அந்தப் பதினெட்டு நாளும் இந்த வீட்டில் நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். கரண்டி பாத்திரத்தில் பட்டால் குற்றம், படாமல் மெதுவாக வைத்தால் என்னைப் பார்த்துப் பயப்படுகிறாயா என்று அதற்கொரு சண்டை. பன்னிரண்டாம் நாள் பால்கனியில் இருக்கும் செடித்தொட்டியைத் தோண்டிக்கொண்டிருந்தார், மண் மாற்றுகிறாராக்கும் என்று நினைத்தேன், பார்த்தால் எப்போதோ புதைத்த சிகரெட் துண்டு ஏதாவது கிடைக்குமா என்று தேடுகிறார். பத்தொன்பதாம் நாள் வேலையிலிருந்து வந்தவர் குளியலறைத் தரையில் சட்டையோடு உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்தாறு வயது மனுஷன், "என்னால முடியலடி, நான் கெட்டவன் இல்ல, என்னால முடியல" என்று குழந்தை மாதிரி அழுதார். முப்பது வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. குடையை எடுத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போனேன். என்ன பேர் என்று கேட்கக்கூடத் தெரியவில்லை, அவர் வாங்குவதுதான் என்றேன், கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

ஒரு நாளைக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு, பின் மாடிப்படியில், என் கையிலிருந்து மட்டும். இதுதான் நான் போட்ட சட்டம். பாக்கெட் என்னிடம், தீப்பெட்டி என்னிடம். இருபது பிடித்தவர் ஒன்றுக்கு வந்துவிட்டாரே, ஒன்றெல்லாம் ஒரு கணக்கா, நிறுத்தியதாகவே வைத்துக்கொள்ளலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீ கூப்பிடுவதற்கு அரைமணி முன்னாலேயே கொடுத்துவிடுவேன், உன்னிடம் பேசும்போது குரல் நிதானமாக இருக்கட்டும் என்று. நீயும் "அப்பா குரலே தெளிஞ்சுடுச்சும்மா" என்று சந்தோஷப்பட்டாய். நான் ஆமாம் ஆமாம் என்றேன்.

அவர் காலைப் பற்றி உனக்குப் பாதிதான் தெரியும். இடது காலில் விரல் கறுத்திருக்கிறது, மருந்து கட்டுகிறோம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். இரண்டாவது விரல் இப்போது கரிக்கட்டை, பக்கத்து விரலும் நிறம் மாறுகிறது. இது புகையால் வருகிற நோய், ரத்தக்குழாய் உள்ளேயே அடைத்துக்கொள்ளும், புகையை விட்டால் நிற்கும் என்று டாக்டர் முதல் நாளே சொன்னார். போன மாதம் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "நிறுத்தி மூணு மாசம் ஆகியும் பரவுதுன்னா எனக்கு வேற வழி தெரியல, அடுத்த தடவை வரும்போது பாதத்தை எடுக்கத் தேதி குறிச்சுடலாம்" என்றார். விரலை இல்லை, பாதத்தை. அப்போது நான் வாய் திறந்திருக்க வேண்டும். ஒன்றினால் எதுவும் ஆகாது, இது வேறு ஏதோ கோளாறு என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

பத்து நாளுக்கு முன் அவர் வேலைக்குப் போட்டுப்போகும் கால்சட்டை இடுப்பு இறுக்குகிறதென்று கொடுத்தார். தையலைப் பிரிக்கும்போது பையை உள்புறம் வெளியே இழுத்தேன். நாலு வருஷமாக ஊரார் பைகளைப் பிரித்துத் தைப்பவள் நான், பையின் மூலைத் தையலில் என்ன சேரும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். புதுப் புகையிலைத் தூள், ஒரு சிட்டிகை இருக்கும். நான் கொடுக்கும் ஒன்று பைக்குள் போவதே இல்லையே! திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஆகிவிட்டது என் நிலைமை. யாரிடம் போய்ச் சொல்வது, என்னவென்று சண்டை போடுவது? ஆனாலும் போட்டேன். முதலில் எகிறினார், "என் உடம்பு, என் இஷ்டம்" என்று பழைய பாட்டைப் பாடினார், பிறகு மெல்ல இறங்கி வந்து சொன்னார்.

அவர் வேலை செய்யும் குளிர்க்கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு, உனக்குத் தெரியுமோ என்னவோ. சிகரெட் பிடிப்பவனுக்கு மணிக்கொரு தரம் பத்து நிமிடம் வாசலுக்குப் போய்வர விடுவார்கள், பிடிக்காதவனுக்கு அது கிடையாது, அவன் உள்ளேயே உறைந்துகொண்டு பெட்டி அடுக்க வேண்டும். இருபத்திரண்டு வயதில் அவர் முதல் சிகரெட்டை வாங்கியதே அதற்காகத்தானாம். "நான் கேட்டது பத்து நிமிஷம் வெயில்ல நிக்க. அது கூடவே ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு" என்றார். இப்போது விட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னதும் மேஸ்திரி, "நீதான் விட்டுட்டியே, அப்புறம் வெளியே என்ன வேலை?" என்று கதவைச் சாத்தியிருக்கிறார். மரத்துப்போன காலோடு எட்டு மணி நேரம் உள்ளேயே நின்றிருக்கிறார் உன் அப்பா. பொறுக்க முடியாமல் ஒரு நாள் மறுபடி தொடங்கிவிட்டேன் என்று மேஸ்திரியிடம் பொய் சொல்லி, பற்ற வைக்காத சிகரெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாராம். நாலு நாள் அப்படி நின்றாராம். ஐந்தாம் நாள் கம்பளி என்று கூப்பிடுவார்களே, கூட வேலை செய்பவர், அவர் நெருப்பை நீட்டியிருக்கிறார். இப்போது அங்கே ஐந்து, வீட்டில் என் கையால் ஒன்று. நாளை டாக்டரிடம் போகிறோம். எதுவும் சொல்லக் கூடாது என்று தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். முதலாளியம்மா வந்துவிட்டாள், இங்கே நிறுத்துகிறேன்.

இன்று சனிக்கிழமை சாயங்காலம். விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். டாக்டர் வழக்கம்போலக் கேட்டார், முழுசா நிறுத்தியாச்சுல்ல என்று. அப்பா கண்ணைக்கூடச் சிமிட்டாமல் நாலு மாசம் முடிஞ்சுது டாக்டர் என்றார். டாக்டர் பேனாவை எடுத்துக் காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார். பாதத்துக்குத் தேதி குறிக்கப் போகிறார். இல்ல டாக்டர், பொய், நான்தான் தினம் வாங்கிக் கொடுக்கிறேன், வெளியே அவர் அஞ்சு பிடிக்கிறார் என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டர் பேனாவை மூடினார். என்னை நாலு சாத்துச் சாத்துவார் என்று பார்த்தால், "இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா? ஒண்ணுன்னாலும் இருபதுன்னாலும் இந்தக் காலுக்கு ஒண்ணுதான். நீங்க இரக்கப்பட்டுக் கொடுத்தது அந்த விரலைத் தின்னுடுச்சு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கறுத்த விரல் போய்விடும், அதில் பேச்சில்லை. ஆறு வாரம் ஒன்றுகூட இல்லாமல் இருந்தால் பாதம் நிற்கலாம் என்கிறார். நிற்கும் என்று சொல்லவில்லை, நிற்கலாம் என்றார். விட முடியாமல் தவிப்பதற்கும் மருந்து இருக்கிறதாம், அதை முதலிலேயே கேட்டிருக்கலாமாம், பல்லைக் கடித்துக்கொண்டு தனியாகச் செய்ய வேண்டிய காரியமில்லையாம். இது எனக்கு அன்றே தெரிந்திருந்தால் குடையை எடுத்துக்கொண்டு கடைக்கா போயிருப்பேன்? குளிர் அறைக்குள் விடக் கூடாது என்று ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். கிடங்கில் அதைப் பார்த்துவிட்டு நேற்று முதல் அப்பாவை வாசல் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். எல்லோரும் வந்து நின்று பிடிப்பதே அந்த வாசலில்தான்! பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதை. நேற்று முழுக்க எனக்கு ஊசியில் நூல் கோக்கக் கையே ஓடவில்லை.

அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நேற்று ராத்திரி சாப்பிடும்போதுதான் வாயைத் திறந்தார். கால் போனா போகுது, அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதே, என்னைப் பார்த்துத்தான் அவன் விட்டான் என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இந்த மனுஷன் காலைக் கொடுத்தாலும் கொடுப்பார், உன்னிடம் அந்த எண்ணைக் குறைக்க மாட்டார். அதனால்தான் அவர் பேச்சை மீறி எழுதுகிறேன்.

உன்னையும் ஒன்று கேட்க வேண்டும், கோபப்படாதே. மூன்று வாரமாக அப்பா கேட்பதற்கு முன்னாலேயே உன் எண்ணைச் சொல்லிவிடுகிறாய், பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி. நடுவில் போனைப் பொத்திக்கொள்கிறாய். பொய் சொல்கிற வீட்டில் நாலு மாதம் குடியிருந்தவள் நான், அந்த அவசரம் எனக்குத் தெரியும். நான் நினைப்பது தப்பாக இருந்தால் அம்மாவை மன்னித்துவிடு, உன் வாயால் இரண்டு திட்டுத் திட்டு. சரியாக இருந்தால், அவருக்காக நீயும் உனக்காக அவரும் பொய்யாக எண்ணிக்கொண்டே போகிறீர்கள் என்று அர்த்தம். அப்பாவுக்காக விடாதே கண்ணா, அப்பா விழுந்தால் நீயும் விழுவாய். உனக்கென்று விடு. தாங்க முடியவில்லையென்றால் அங்கே ஒரு டாக்டரைப் போய்ப் பார். இரக்கப்பட்டு ஒன்றை நீட்டும் யாரையும் கிட்டே சேர்க்காதே, அது உன் அம்மாவாகவே இருந்தாலும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா வந்து பின்னால் நின்றார். யாருக்கு என்று கேட்டார். அவனுக்குத்தான், எல்லாவற்றையும் எழுதிவிட்டேன் என்றேன். தாளைப் பிடுங்கிக் கிழிப்பார் என்று கையால் மறைத்துக்கொண்டேன். கிழிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து கட்டுப்போட்ட காலை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாளைக்கு அவன் கேட்டா நூத்தி முப்பத்திமூணுன்னுதான் சொல்லுவேன், போன்ல எனக்கு வாய் வராது. நீ எழுதிடு. மூணுன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன். மூன்று. வியாழன், வெள்ளி, சனி. உண்மையா என்று என்னைக் கேட்காதே, அவர் சொன்னார், நான் எழுதினேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, அடுப்படியில் நின்ற காலோடு வெளிக்காற்றில் போய் நிற்காதே. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், உன் கை கால் எல்லாம் உனக்கு உழைக்க வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்றுதான். திங்கட்கிழமை தபாலில் சேர்த்தால் எட்டு நாளில் உன் கைக்கு வருமாம். வந்ததும் அவசரப்பட்டுக் கூப்பிடாதே, ஞாயிறு வரை பொறு. அன்றைக்கு அவர் கேட்பதற்குள் முந்திக்கொள்ளாமல், நிதானமாக, உன்னுடைய எண் எதுவோ அதைச் சொல். பூஜ்யமென்றால் பூஜ்யம் என்றே சொல். அன்று அவருடையது பதினெட்டாக இருக்க வேண்டும். நீ உண்மையைச் சொன்னால் அவருக்கும் வாய் வரும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா